காலைக் காக்க ஆறு மணி நேரம்

பெருநகரில் வாழ்பவருக்கு நோய் வந்தால் அவர் வைத்தியரிடம் போகிறார். சிற்றூரில் வாழ்பவருக்கு நோய் வந்தால் அவர் வைத்தியரைத் தேடுகிறார். போவதற்கும் தேடுவதற்கும் இடையேயுள்ள தூரமே இந்நாட்டின் சுகாதார சேவையில் இன்றும் நிலவும் ஏற்றத்தாழ்வின் அளவு. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அத்தூரம் பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆனால் குருதிக்குழாய் ஒன்று அறுந்தோ அடைபட்டோ ஒருவரின் கால் சாகத் தொடங்கும் வேளையில், அத்தூரம் அந்தக் காலையே விலையாகக் கேட்கின்றது.

குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர் என்னும் ஒரு வகை வைத்தியரைப் பற்றி இவ்வாரம் எழுத முற்படுகின்றோம். அரசியல் வார இதழுக்கு இதில் என்ன வேலை என வாசகர் சிலர் வினவக்கூடும். எவருக்கு எந்த நோய் வரும் என்பதை அரசாங்கம் தீர்மானிப்பதில்லை. ஆனால் எந்த ஊரில் எந்த வைத்தியர் இருப்பார் என்பதை ஆளணிப் பட்டியலும், வரவு செலவுத் திட்டமும், இடமாற்றக் கட்டளையுமே தீர்மானிக்கின்றன. இவை யாவும் அரசியல் அல்லாமல் வேறென்ன?

இருதயத்திலிருந்து உடலெங்கும் குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகளையும், அதனை மீட்டுக் கொண்டுவரும் நாளங்களையும் திறந்து, அடைப்பை நீக்கி, அறுந்ததைத் தைத்து, தேவைப்படின் மாற்றுவழி அமைத்துக் கொடுப்பவரே இந்நிபுணர். சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் குருதி சுத்திகரிப்பதற்கென கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துவிடுவதிலும் இவருக்குப் பங்குண்டு. இவரது கைக்கு வரும் நோயாளர் பலருக்கு நேரமே மருந்து. காலுக்குச் செல்லும் குருதி முற்றாக நின்றுவிட்டால் தசை ஏறக்குறைய ஆறு மணி நேரந்தான் தாக்குப்பிடிக்கும். அதன் பின்னர் குழாயைத் திறந்தாலும் காலைக் காப்பது அரிதாகிவிடும். சில வேளைகளில், இறந்த தசையின் நஞ்சு குருதியிற் கலந்து உயிரையே பறிக்கும்.

இக்கலை நேற்றுப் பிறந்ததன்று. 1894ஆம் ஆண்டிலே பிரான்சிய ஜனாதிபதி சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியாற் குத்தப்பட்டார். கல்லீரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் பெருங்குழாய் அறுந்தது. அதைத் தைத்து மூடும் வித்தை அன்று எவரிடமும் இல்லாமையால், வைத்தியர்கள் சூழ்ந்திருக்கவே ஒரு நாட்டின் தலைவர் உயிர் நீத்தார். அதே நகரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் கரெல் குருதிக்குழாய்களை ஊசியும் நூலுங் கொண்டு இணைக்கும் முறையைக் கண்டு 1902இல் வெளியிட்டார். 1912இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

வித்தை பிறந்தபின்னரும் அது போர்க்களத்தை எட்டுவதற்கு நெடுநாள் சென்றது. இரண்டாம் உலகப் போரிலே காயமுற்ற அமெரிக்கப் படையினருக்குப் பெருநாடி அறுந்தால் அதைக் கட்டிவிடுவதே பெருவழக்காய் இருந்தது. அவ்வாறு கட்டப்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அவயவம் இழந்தனர் என்பதை 1946இல் வெளியான ஆய்வு காட்டியது. கொரியப் போரிலே கள வைத்தியசாலைகளில் நாடியைத் தைக்கத் தொடங்கினர். காயமுற்றோரை உலங்கு வானூர்தியில் விரைந்து கொண்டுவந்தனர். அவயவம் இழந்தோர் தொகை நூற்றுக்கு 13 அளவிற்குக் குறைந்தது. இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஊசியும் நூலும் மாத்திரம் அந்தக் கால்களைக் காக்கவில்லை. காயத்திற்கும் கத்திக்கும் இடையிலிருந்த நேரத்தைக் குறைத்த ஒழுங்கமைப்பும் சேர்ந்தே காத்தது.

அந்த ஒழுங்கமைப்பு எமது சிற்றூர்களுக்கு உண்டா? முல்லைத்தீவுப் பக்கத்திலே மாலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் முழங்கால் மூட்டு விலகிய ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். முழங்காலின் பின்னால் ஓடும் நாடி கிழிந்திருக்கிறது. வெளியே குருதி சிந்தவில்லை. அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்க்கும்போது ஏழரை மணி. எலும்பைப் பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். பாதத்தில் நாடித்துடிப்பு உண்டா என்று விரல் வைத்துப் பார்க்கும் எண்ணம் ஒருவருக்கு உதிக்கும்போது ஒன்பது மணி. எங்கே அனுப்புவது, அங்கே நிபுணர் கடமையில் இருக்கிறாரா, விடுமுறையிலா என்று தொலைபேசியிற் கேட்டறிவதற்குள் பத்தாகிவிடும். நோயாளர் காவுவண்டி வந்து, தாதி ஒருவரும் ஏறி, நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதையைக் கடந்து யாழ்ப்பாணம் சேரும்போது நள்ளிரவு கடந்துவிடும். சத்திரசிகிச்சைக் கூடம் ஆயத்தமாக இன்னும் ஒரு மணி நேரம். ஆறு மணி நேரமும் முடிந்துவிட்டது. எவரும் கடமை தவறவில்லை, எவரும் உறங்கவில்லை. ஆயினும் இளைஞனின் கால் போய்விட்டது. இதே கணக்கைப் பொத்துவிலில் இருந்து மட்டக்களப்புக்குப் போட்டுப் பாருங்கள். கடல் கடந்து குறிகட்டுவான் துறைக்கு வந்து, அங்கிருந்து தரைவழியே பயணத்தைத் தொடரவேண்டிய நெடுந்தீவு மக்களுக்குப் போட்டுப் பாருங்கள்.

விபத்து ஓர் இரவின் கதை. ஆண்டுக்கணக்காக நடக்கும் கதை இதனிலும் பெரிது. எமது மக்கள் சலரோகம் என்றும் சீனி வியாதி என்றும் கூறும் நீரிழிவு, இலங்கையில் வயதுவந்தோர் ஐவரில் ஒருவருக்கு முற்றிய நிலையிலோ அதன் முன்நிலையிலோ இருக்கிறது என 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வு கூறிற்று. நீரிழிவு காலின் உணர்ச்சியையும் கெடுக்கும், குருதியோட்டத்தையும் கெடுக்கும். வயலில் முள் குத்தினாலும் தெரியாது. தெரியாத புண் ஆறாது. ஆறாத புண் கறுக்கும். புகையிலையோ தன் பங்குக்குக் குழாய்களைச் சுருக்குகின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்குப் புகையிலை செல்வம் தந்தது உண்மை. அதே புகையிலை சுருட்டாகவும் பீடியாகவும் இளவயது ஆண்களின் விரல்களையும் பாதங்களையும் அழுகவைக்கும் நோய்க்கு மூலமாய் இருப்பதும் உண்மை.

இந்நோய்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வருகின்றன. சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கும். நின்றால் வலி தீரும். மறுபடி நடந்தால் மறுபடி வலிக்கும். வயது போனால் இப்படித்தான் என்று நம்மவர் எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிடுகின்றனர். இக்கட்டத்தில் நிபுணரிடம் சென்றவருக்குப் பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது. புகையை விடுதல், நடைப்பயிற்சி, மருந்து என்பனவே போதுமாகலாம். இரவிற் படுத்திருக்கும்போதும் பாதம் எரிகிறது என்னும் கட்டத்திற் சென்றாலும் குழாயைத் திறந்து காலைக் காக்க வழியுண்டு. விரல் கறுத்தபின் செல்பவருக்கே வழிகள் ஒவ்வொன்றாய் அடைபடுகின்றன. அவருக்கு முதலில் விரலைக் கழற்றுவர், பின்னர் பாதம், பின்னர் முழங்காலின் கீழ்.

போரினால் அவயவம் இழந்தோரின் துயரை நாம் அறிவோம். 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் தொடங்கியது. செயற்கைக் கால் பொருத்தி எத்தனையோ பேரை மீண்டும் எழுந்து நடக்கச் செய்தது. போர் 2009இல் முடிந்தது. கால் இழப்பது அதனோடு முடியவில்லை. கண்ணிவெடி பறித்த காலுக்கு நாம் உலகைக் கூட்டி நியாயம் கேட்டோம். சலரோகம் பறிக்கும் காலுக்கு எவரிடம் கேட்கிறோம்? விதி என்று கூறி விட்டுவிடுகிறோம். தடுக்கக்கூடியதை விதி என்று கூறுவது பொறுப்புள்ளவர்களுக்கு நாம் கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகும்.

இன்று சிற்றூர்க் குடும்பமொன்று இத்தகைய நிபுணரை எவ்வாறு கண்டுபிடிக்கிறது? பக்கத்து வீட்டு ஆசிரியரைக் கேட்கிறது. கொழும்பிலிருக்கும் மைத்துனருக்குத் தொலைபேசி எடுக்கிறது. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மகனுக்குப் படம் அனுப்புகிறது. தனியார் வைத்தியசாலையிற் பணங்கட்டி 'சனல்' பண்ணி, வாகனம் பிடித்து, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, ஐந்து நிமிடம் காட்டிவிட்டு வருகிறது. அரசாங்க வைத்தியசாலைகளில் 1951இல் கட்டணம் நீக்கப்பட்ட நாடு இது. அந்தப் பெருமை எமக்கும் உரியதே. ஆனால் அறிமுகம் உள்ளவருக்கு வழி தெரிகிறது. அறிமுகம் இல்லாதவருக்குத் தெரிவதில்லை. சிகிச்சை இலவசம், அதற்கான வழியைக் கண்டுபிடிப்பதற்கு மாத்திரம் செலவு என்றால், ஏழைக்கு அந்த இலவசம் எட்டாக்கனியே.

இவ்விடத்தில் மக்கள் பிரதிநிதிகள் சிலரின் வழக்கமான முழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. "எமது ஊருக்கும் ஒரு நிபுணர் வேண்டும்" என்பது மேடைக்கு இனிய கோரிக்கை, செயலுக்கு உகந்ததன்று. குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சை தனியொருவரின் வேலையன்று. மயக்கமருந்து நிபுணர், பயிற்சி பெற்ற தாதியர், குழாய்களைப் படம்பிடித்துக் காட்டும் கதிரியக்கப் பிரிவு, குருதி வங்கி, தீவிர சிகிச்சைக் கூடம் ஆகியவை ஒருங்கே வேண்டும். இவையில்லாத ஊரில் நிபுணரை இருத்தினால் அவர் துண்டெழுதி வேறிடத்துக்கு அனுப்புவதையே செய்வார். மேலும், ஆண்டில் ஒருசில சத்திரசிகிச்சை மாத்திரமே செய்பவரின் கை தளர்ந்துபோகும். தளர்ந்த கையால் பாதிக்கப்படுவது நோயாளியே.

ஆயின் எவ்வளவு மக்களுக்கு ஒரு நிலையம் நியாயமானது? செல்வம் மிக்க பிரித்தானியாவிலும் ஊருக்கு ஒருவர் என்னும் முறை இல்லை. அங்கே குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சையாளர் சங்கம் 2012இல் வகுத்த நெறியின்படி, ஒரு பெருநிலையம் 8 இலட்சம் மக்களுக்குக் குறையாமல் அமையவேண்டும். சுற்றியுள்ள வைத்தியசாலைகள் அதனோடு வலையாகப் பின்னப்படவேண்டும். இரவும் பகலும் முறைவைத்துக் கடமையாற்றுவதற்குப் பல நிபுணர் அங்கே இருக்கவேண்டும். இக்கணக்கை நாமும் எடுத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வட மாகாணத்தில் ஏறக்குறைய 10½ இலட்சம் மக்கள். கிழக்கு மாகாணத்தில் ஏறக்குறைய 15½ இலட்சம் மக்கள். ஆகவே வடக்கிற்கு ஒரு முழுமையான நிலையம், கிழக்கிற்கு ஒரு முழுமையான நிலையம் எனக் கேட்பது சலுகையன்று. உலகம் ஒப்பிய அளவுகோலின்படி எழும் உரிமை. இதே அளவுகோல் ஊவாவின் சிங்களக் கமக்காரருக்கும் மலையகத் தோட்டத் தொழிலாளருக்கும் பொருந்தும். அவர்களுக்கும் சேர்த்தே நாம் பேசுகின்றோம்.

நிலையம் என்பதன் பொருளையும் தெளிவாக்குதல் நன்று. திறப்புவிழாவுக்கு ஒரு கட்டடம், பெயர்ப்பலகைக்கு ஒரு நிபுணர் என்பது நிலையம் ஆகாது. ஒருவர் மாத்திரம் இருக்கும் இடத்தில் அவர் நோயுறக்கூடும், விடுமுறை எடுக்கக்கூடும், இடமாற்றம் பெறக்கூடும். இன்று ஓரிடத்தில் இருப்பவர் அடுத்த கட்டளையின் பின்னும் அங்கே இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் வைத்தியர்கள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்ததைக் கண்ட நாடு இது. ஒருவரை மட்டும் நம்பியிருப்பது சேவையன்று, அதிர்ஷ்டம். குடிமகனின் கால் அதிர்ஷ்டத்தில் தொங்கக்கூடாது. குறைந்தது இருவர், இயன்றால் மூவர், அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் நிரந்தரமாக இடம்பெறவேண்டும். ஒருவர் செல்லுமுன் மற்றவர் வந்துசேர்வது சட்டமாக வேண்டும்.

நிர்வாகத்தில் இன்னொரு பிளவும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னர் சுகாதாரம் மாகாணங்களோடு பகிரப்பட்டது. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளிற் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நோயாளி ஒரு வீதியிற் செல்வதாக எண்ணுகிறார். உண்மையில் இரண்டு அரசாங்கங்களின் எல்லையைக் கடக்கிறார். வடக்கின் முதலாவது மாகாண சபை 2013இல் தெரிவாகி 2018இற் காலம் முடிந்து கலைந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக நிர்வாகம் ஆளுநர் கையிலேயே இருந்துவந்தது. வாக்களித்த மக்கள் கேள்வி கேட்பதற்கு ஓர் அமைச்சரேனும் இல்லாத காலம் அது. அதிகாரப் பகிர்வு என்னும் சொல்லைக் கேட்டால் அரசியலமைப்பு வல்லுநரின் விவாதம் என்று எண்ணுவோர், அது கறுத்த பாதத்துடன் வரிசையில் நிற்கும் ஒரு தாயின் பிரச்சினையும் ஆகும் என்பதை உணர்வாராக.

நாம் கேட்பவை அதிகமல்ல. சிறிது பணமும் நிறைய மனமும் இருந்தால் ஆகக்கூடியவை. முதலாவதாக, ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும், காயமுற்ற காலைப் பார்க்கும் எவரும் பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்த்துக் குறித்துவைப்பது கட்டாயமாகட்டும். இதற்கு வேண்டியது ஒரு விரலும் ஒரு நிமிடமும். இரண்டாவதாக, குருதியோட்டத்தின் ஒலியைக் கேட்கும் கைக்கருவியான 'டொப்ளர்' அங்கெல்லாம் வழங்கப்படட்டும். கணுக்காலின் அமுக்கத்தைக் கையின் அமுக்கத்தால் வகுத்து, விடை 0.9இற்குக் குறைந்தால் குழாய் சுருங்கியிருக்கிறது என ஒரு தாதியே அறிந்துகொள்ளலாம். நீரிழிவுக் கிளினிக்குக்கு வருபவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைக் காட்டிச் செல்லட்டும்.

மூன்றாவதாக, மாகாணம் முழுவதற்கும் ஒரே தொலைபேசி இலக்கம் அமையட்டும். இரவு எத்தனை மணியாயினும், கடமையிலுள்ள குருதிக்குழாய் நிபுணரோடு சிற்றூர் வைத்தியர் நேரே பேசக்கூடியதாய் அது இருக்கட்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்கை எட்டிய 1990 'சுவசெரிய' காவுவண்டிச் சேவை, ஓர் இலக்கம் எத்தனை உயிரைக் காக்கும் என்பதை நாட்டுக்குக் காட்டியிருக்கிறது. வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் நோயாளரை வைத்தியசாலைக்குச் சேர்க்க அது உண்டு. வைத்தியசாலையிலிருந்து நிபுணரிடம் சேர்க்கவும் அதுபோன்ற விரைவு வேண்டும். நான்காவதாக, நிபுணர் குழு மாதந்தோறும் குறித்த நாளில் மன்னார், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என வெளியூர்க் கிளினிக் நடத்தட்டும். கிழக்கிலும் அவ்வாறே நடக்கட்டும். நோயாளர் நூறு பேர் வண்டியேறுவதை விட வைத்தியர் ஒருவர் வண்டியேறுவது எளிது.

ஐந்தாவதாக, நோயாளியின் கையில் கொடுக்கப்படும் துண்டு அவர் வாசிக்கக்கூடிய மொழியில் இருக்கட்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மேலைவைத்தியம் கற்பித்தார். சத்திரசிகிச்சைக்கென்று 'இரண வைத்தியம்' என்னும் தமிழ் நூலை 1867இல் வெளியிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் இயன்றது, இன்று ஒரு மாகாணத்தில் இயலாதா? "கால் குளிர்ந்தால், வெளிறினால், மரத்தால், அசைக்க முடியாமற் போனால் அந்த மணியிலேயே வா" என்று நான்கு வரி தமிழில் எழுதிக் கொடுப்பதற்கு எந்த அமைச்சின் அனுமதி வேண்டும்?

மக்களுக்கும் ஒரு சொல். நடந்தால் வலித்து நின்றால் தீரும் காலை அலட்சியம் செய்யாதீர். சிறு புண்ணைச் சுடுநீரிலும் பச்சிலையிலும் வைத்து வாரக்கணக்கில் மறைக்காதீர். சுருட்டைக் கைவிடுங்கள். உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் அடுத்தமுறை வாசலுக்கு வரும்போது, வீதிக்குத் தார் எப்போது என்று கேட்பதோடு நில்லாமல், இவ்வூரில் இன்றிரவு ஒருவரின் காலுக்குக் குருதி நின்றுபோனால் அவர் எத்தனை மணிக்கு யார் கையில் இருப்பார் என்றும் கேளுங்கள். மணியையும் இடத்தையும் சொல்லிப் பதில் தரமுடியாதவர் இன்னும் தம் கடமையைத் தொடங்கவில்லை என்பதே பொருள்.

1894இல் ஒரு நாட்டின் ஜனாதிபதிக்குங் கிடைக்காத சிகிச்சை இன்று கொழும்பிலே கூலித்தொழிலாளிக்கும் பணமின்றிக் கிடைக்கிறது. இது மனித அறிவின் வெற்றி. அதே சிகிச்சை நூறு கிலோமீற்றருக்கு அப்பால் நேரம் தவறிக் கிடைக்குமாயின், அது அரசாட்சியின் தோல்வி. சிற்றூர் மக்கள் நிபுணரைத் தேடும் காலம் முடிந்து, நிபுணரிடம் போகும் வழி அவர்களுக்கென ஆயத்தமாய் இருக்கும் காலம் வரவேண்டும். சுகாதார அமைச்சும் மாகாண நிர்வாகமும் அவ்வழியை அமைக்கும் திட்டத்தை, தவணையும் தொகையுங் குறித்து, மக்கள் முன் வைக்குமாறு கேட்கின்றோம்.